ஆடியில் எடுத்த பட்டு

2025ஆம் ஆண்டு ஜூலை 22, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு ஐம்பது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேற்கிலிருந்து அடித்த காற்றில் ராசிபுரம் பேருந்து நிலையத்துக் குப்பை முழுவதும் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்திருந்தது. ஆடி மாதம் ஆறாம் தேதி. நானும் என் மனைவியும் சேலம் போகும் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். எனக்கு வயது எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தாறு. என் சட்டையின் உள்பையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருந்தது, இருபத்துநான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக. வீட்டில் இரண்டு முறை எண்ணியது போதாமல் அங்கேயும் சட்டைக்கு மேலாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அரை மணி நேரத்தில் மூன்று புறநகர்ப் பேருந்துகள் காலியாகப் போயின. மனைவி ஒவ்வொன்றையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல ஏறுனா பத்து மணிக்கு அங்க இருக்கலாமுங்க. கால் கடுக்குது."

"டவுன் பஸ்ல உனக்கு டிக்கெட் கிடையாது. இதுல முப்பது ரூபா."

"முப்பது ரூபாய்க்கு என் முட்டி தேயட்டுமாக்கும்."

டவுன் பஸ் வந்தது. மல்லூரில் இறங்கி வேறு வண்டி மாறினோம். எனக்கு மட்டும் இருபத்துநான்கு ரூபாய். ஒரு மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

நாங்கள் போனது என் தங்கை மகளின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க. நான் ஒருவன்தான் தாய்மாமன். மணவறைக்குப் பெண் உடுத்திவரும் பட்டு மாமன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அதோடு தங்கைக்கு ஒரு சேலை, மச்சானுக்கு வேட்டி சட்டை. தட்டில் வைத்து சபைக்கு நடுவில் வைப்பார்கள். யார் யாரோ வந்து முந்தானையை விரித்துப் பார்ப்பார்கள்.

அந்தத் தட்டு என் தங்கைக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு அவள் கல்யாணத்தை நான்தான் நடத்தினேன். முப்பத்தொரு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொரு தட்டு எதிர்பார்த்தார்கள். என்னால் முடிந்தது ஒன்பது. அவளுடைய மாமியார் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: எண்ணிக் கொடுக்கிற ஊடு. திட்டிச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே சொல்வார். தங்கை அதைக் கேட்டுக்கொண்டு முப்பத்தொரு வருடம் அந்தச் சமையலறையில் நின்றிருக்கிறாள். இந்த ஒரு தட்டாவது சரியாக இருக்க வேண்டும் என்று அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. "அண்ணா, உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்ன பொருள் என்று புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

ஒரு ஜவ்வரிசி ஆலையில் முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதினேன். ஓய்வூதியம் மாதம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து. மாடி அறையின் வாடகை நாலாயிரம். இதில் இரண்டு பேர் சாப்பிட்டு, மருந்து வாங்கி, மின்கட்டணமும் கட்டி, மிச்சமும் பிடிக்க வேண்டும். தங்கை மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதுமே நான் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாயிரம் சேரப் பதினான்கு மாதம் ஆனது. செய்தித்தாளை நிறுத்தி நூலகத்துக்கு நடந்தேன். சாயங்காலக் காப்பியை நிறுத்தினேன். ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடும் நோன்புக்குக்கூட இந்த வருடம் இரண்டு பேருக்குமாக ஒரே தேங்காய். காய் ஒன்று நாற்பத்தைந்து ரூபாய் விற்றால் வேறு என்ன செய்வது?

தள்ளுபடிக் கடை எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் தேதி முடியப் போகும் பொருட்களை வாசலில் ஒரு கூடையில் போட்டுப் பாதி விலைக்கு விற்பார்கள். புதன்கிழமை காலையில் கூடை நிறைந்திருக்கும். பிஸ்கட்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்ப்பேன். நான்கு நாள் இருந்தால் ஒரு பொட்டலம், பத்து நாள் இருந்தால் மூன்று. மூன்று சோப்புக்கு ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால் எடையைப் பார்ப்பேன். நூற்றைம்பது கிராம் இருந்தது நூற்றிருபத்தைந்து ஆகியிருக்கும். நான்கு சோப்பில் நூறு கிராம் போயிற்று என்றால் இலவசம் எங்கே இருக்கிறது? ஏறக்குறைய ஒரு சோப்பை நம்மிடமிருந்தே எடுத்து நமக்கே தருகிறார்கள். இதெல்லாம் தெரிந்துதான் வாங்குகிறேன். தெரிந்து வாங்குவதும் அலுப்புத்தான். ஒரு பொட்டலம் உப்பை எடுக்கக்கூட மூக்குக் கண்ணாடியை மாட்ட வேண்டியிருக்கிறது.

சேலை விஷயத்திலும் அப்படித்தான் தயாராகப் போனேன். ஆனி மாதமே தனியாகச் சேலம் போய், செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நான்கு மாடிக் கடையில் விலை விசாரித்து வந்திருந்தேன். அரக்கு நிறம், பச்சைக் கரை, எட்டாயிரத்து நானூறு. அப்போதே எடுத்திருக்கலாம். எடுத்தால் தங்கை சேலையும் மச்சான் வேட்டியும் பன்னிரண்டுக்குள் அடங்காது. ஆடியில் முப்பது சதவீதம் குறையும் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். பதினைந்து நாள் பொறுத்தால் போதும்.

ஆடியில் ஏன் தள்ளுபடி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணத்துக்கு எதையும் எடுக்கவும் மாட்டார்கள். அதனால்தான் துணி தேங்குகிறது, விலை இறங்குகிறது. வேலைக்குக் கட்ட, வீட்டுக்குக் கட்ட எடுப்பார்கள். மணவறைச் சேலையை எடுக்க மாட்டார்கள். மனைவி இதை மூன்று நாள் சொன்னாள்.

"ஆடியில எடுத்த சீலையை எந்தப் புள்ள மணவறையில உடுத்தும்?"

"கல்யாணம் ஆவணி பதிமூணு. உடுத்துறது ஆவணியிலதானே?"

"எடுத்தது?"

"சேலை மேல தேதியா எழுதியிருக்கு? நீயும் நானும் சொன்னாத்தானே தெரியும்."

கடைக்குப் போன அன்று அவள் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்காராமல் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஆடிச் செவ்வாய், பெண்களெல்லாம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போயிருப்பார்கள், கடையில் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கும் தப்பியது. வாசலிலேயே செருப்பு விட இடமில்லை. மின்தூக்கிக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். பட்டு மூன்றாம் மாடியில். மனைவி கைப்பிடியைப் பிடித்து அறுபத்தாறு படி ஏறினாள். அவள் வயதுக்கு ஒரு படி.

சேலை காட்டிய அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கடைச் சீருடைச் சேலை, கழுத்தில் அளவு நாடா. நான் ஆனியில் பார்த்த அதே அரக்குச் சேலையை அடையாளம் சொன்னேன். எடுத்து விரித்தார். விலைச் சீட்டில் பத்தாயிரத்து ஐந்நூறு.

"போன மாசம் எட்டாயிரத்து நானூறுங்க இது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பா எல்லாத்தையும் நெஞ்சுல எழுதி வெச்சிருக்காரு" என்று பக்கத்தில் நின்ற இன்னொரு விற்பனைப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முப்பது போனா ஏழாயிரத்து முந்நூத்தம்பதுப்பா. அப்பவும் உங்களுக்கு லாபந்தான். எனக்கு ஏத்தவும் தெரியாது, எறக்கவும் தெரியாது. நான் மடிச்சு வெக்கிறவ."

அவர் சொன்னது சரி. கடைக்காரர் சொல்லும் மிச்சம் மூவாயிரத்து நூற்றைம்பது. உண்மையான மிச்சம் ஆயிரத்து ஐம்பது. அந்த ஆயிரத்து ஐம்பதுக்காகத்தான் பதினைந்து நாள் காத்திருந்தேன்.

"யாருக்குங்கப்பா, பேத்திக்கா?"

"தங்கச்சி பொண்ணுக்கு."

"ஆவணிக் கல்யாணமா? பாதிப்பேரு இப்படித்தாம்ப்பா. இப்ப எடுத்து பீரோவுல வெச்சுட்டு ஆவணியில எடுத்தேன்னு சொல்லிக்கிறாங்க. சீலை போயா சொல்லப் போவுது."

நான் வெற்றியோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். சேலை நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். கையை நீட்டி முந்தானையை ஒருமுறை தொட்டாள், உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

தங்கைக்கு இரண்டாயிரத்து அறுநூறு போட்ட சேலை ஆயிரத்து எண்ணூற்று இருபதுக்கு. மச்சானுக்கு வேட்டி சட்டை, இருபது சதவீதம் போக தொள்ளாயிரத்து இருபது. மொத்தம் பத்தாயிரத்துத் தொண்ணூறு. பத்தாயிரத்தைத் தாண்டியதால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இலவசம் என்றார்கள். திரும்பும் பேருந்தில் அந்த முக்காலிக்கு நடத்துநர் பன்னிரண்டு ரூபாய் லக்கேஜ் போட்டார். வீட்டிலிருந்து கட்டிப்போன எலுமிச்சைச் சோற்றைப் பேருந்து நிலையத்தில் சாப்பிட்டோம். இரண்டு தேநீர் முப்பது ரூபாய். முக்காலியில் உட்கார்ந்து குடித்தாள் மனைவி. அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை தங்கையின் போன் வந்தது.

"அண்ணா, சீலை எடுத்தாச்சுங்களா? ரவிக்கை தைக்கக் குடுக்கோணும். தையக்காரம்மா இருபது நாள் கேக்குது."

போனைக் காதில் வைத்தபடியே நாள்காட்டியைப் பார்த்தேன். ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே வருகிறது, வெட்டித்தான் தைக்க வேண்டும். ஆவணி பிறந்த பிறகு சேலையைக் கொடுப்பதாக நான் நினைத்திருந்தேன். ஆவணி ஒன்றுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் பன்னிரண்டு நாள். சோப்பின் எடையை எண்ணியவன், படிகளை எண்ணியவன், இந்தப் பன்னிரண்டை எண்ணவில்லை. ஆடி வருவதற்குள், ஆனியிலேயே எல்லோரும் எடுத்துவிடுவது இதற்காகவும்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"எடுத்தாச்சு அம்மிணி" என்றேன்.

"ஆனியிலயே எடுத்துட்டீங்களா? அன்னைக்குச் சேலம் போனேன்னு சொன்னீங்களே."

"ஆமா" என்றேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருச்செங்கோட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனோம். போய்வர இரண்டு பேருக்கும் நூற்று நாற்பது ரூபாய், பழமும் பூவும் நூறு. வழியெல்லாம் மனைவி எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். கேட்டால் ஆனி என்று சொல்லுங்கள், கேட்காவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம். நான் தலையாட்டினேன்.

கூடத்தில் தங்கையின் மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது, காது நன்றாகக் கேட்கும். "வாங்க சாமி, வா சாமி" என்று இருவரையும் அழைத்தார். தங்கை சேலையை அவர் மடியிலேயே விரித்தாள். அவர் முந்தானையைத் திருப்பிப் பின்பக்க நூலைப் பார்த்தார், கரையை விரலால் நீவினார்.

"நல்ல சீலைதானுங்க" என்றார். அந்த வீட்டில் எங்கள் பொருளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. அந்த நேரத்தில் அவ்வளவு தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்துச் சற்று உரக்கவே கேட்டாள். "என்ன வெலைங்கண்ணா ஆச்சு?"

"பத்தாயிரத்து ஐநூறு போட்டது" என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மாமியாரின் புருவம் ஏறியதைப் பார்த்தேன். தங்கை நிமிர்ந்து நின்றதையும் பார்த்தேன். ஆனால் பதினான்கு மாதம் எண்ணிச் சேர்த்தவனுக்கு, வாங்கிய விலையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாததுபோல் இருந்தது.

"முப்பது சதவீதம் போக ஏழாயிரத்து முந்நூத்தம்பதுக்குக் குடுத்தான். செவ்வாய்க்கிழமை, பதினொண்ணே முக்காலுக்கு. கூட்டம்னா கூட்டம்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமியார் சேலையை மடித்தார். கோபமெல்லாம் இல்லை. மெதுவாக, மடிப்பு கலையாமல் மடித்துத் தங்கையிடம் நீட்டினார். "ஆடித் தள்ளுபடியா. அதுக்கென்னங்க சாமி, விருந்துக்குப் போவையில பொண்ணு கட்டிக்கும். மணவறைக்கு நாங்களே ஒண்ணு எடுத்துக்கறோம். நீங்க சிரமப்பட வேண்டாம்." பிறகு தங்கையிடம் சொன்னார், "காப்பி வெய்யி அம்மிணி. சக்கரையை எண்ணிப் போட்றாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தங்கை தெருமுனை வரை வந்தாள். அரக்குச் சேலை மட்டும் ஒரு மஞ்சள் பையில் அவள் கையில் இருந்தது. அதை மனைவியிடம் கொடுத்தாள்.

"எனக்கும் அவருக்கும் எடுத்தது இருக்கட்டும். அதை ஆரும் கேக்கப் போறதில்ல. இதை அங்க வெச்சிருந்தா தினமும் எடுத்துப் பாப்பாங்க."

"நான் தெரியாம..." என்றேன்.

"அண்ணா, வெலையை எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க? அவங்க காதுல உழுகோணும்னுதான் கேட்டேன். பத்தாயிரத்து ஐநூறுன்னு நிறுத்தியிருந்தா எனக்கு அது போதுமுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "என் தப்புந்தான். உங்ககிட்டப் போயி வெலையைக் கேட்டேன் பாருங்க" என்றாள். சொல்லிவிட்டு மனைவியின் தோளைத் தொட்டு, "வாரேனுங்க அண்ணி" என்று திரும்பி நடந்தாள்.

பேருந்தில் மனைவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நான் மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்தில் மிச்சம் ஆயிரத்து ஐந்நூற்று எண்பது. மணவறைச் சேலையை அவர்களே எடுத்தால், சபையில் மாமன் தட்டில் தேங்காயும் பழமும்தான் இருக்கும். அதை எல்லோரும் பார்ப்பார்கள். என்னை யாரும் கேட்க மாட்டார்கள். தங்கையைக் கேட்பார்கள்.

மறுநாள் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குப் போன் செய்தேன். தள்ளுபடிச் சரக்கை மாற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது, பில்லின் பின்னால் அச்சடித்திருக்கிறது, படிக்கவில்லையா என்றார்கள். நான் படித்துத்தான் இருந்தேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. ஆவணிக்கு மூன்று நாள் இருக்கும்போது மனைவி ஒரு மாவு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பத்தாயிரம் ரூபாய். பெண்களுக்கு அரசு மாதம் ஆயிரம் தருகிறதே, அது. மருந்துக்குச் செலவானதாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வெச்சிருந்த?"

"முட்டிக்கு. கோயமுத்தூர்ல ஆரோ நல்லாப் பாக்கறாங்களாம்." பிறகு, "எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள்.

நான் எண்ணவில்லை. அவள் முன்னால் எண்ணவில்லை என்று சொல்வதுதான் சரி.

அன்றே தங்கைக்குப் போன் செய்தேன். மணவறைச் சேலையை வேறு யாரும் எடுக்க வேண்டாம், ஆவணி இரண்டாம் தேதி நான் கொண்டுவருகிறேன், தையல்காரியை அவசரத்துக்குப் பேசி வை என்றேன். "உங்ககிட்டப் பணம் இருக்குதுங்களா அண்ணா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

ஆவணி இரண்டு, திங்கட்கிழமை, புறநகர்ப் பேருந்தில் போனோம். சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவுக்காரர் வீட்டிலேயே வைத்து விற்கிறார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. ஒன்பதாயிரத்து நானூறு. தள்ளுபடி கிடையாது, இலவசம் கிடையாது. நான் விலை பேசவில்லை. மனைவி இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து நேராகத் திருச்செங்கோடு. மூன்று பேருந்துக்குமாக இரண்டு பேருக்கும் இருநூற்றுப் பத்து. ரவிக்கைக்கு அவசரக் கூலி ஆயிரத்து எண்ணூறு கேட்டார்கள், நானே கொடுத்தேன். மாமியார் சேலையை வாங்கிப் பின்பக்க நூலைப் பார்த்தார். "என்ன வெலைங்க சாமி?" என்றார். "நல்ல வெலைங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தங்கை அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சேலையைக் கண்ணில் ஒற்றித் தங்கையிடம் கொடுத்தார்.

கல்யாணத்தன்று தட்டு சபையில் இருந்தது. யார் யாரோ வந்து விரித்துப் பார்த்தார்கள்.

அரக்குச் சேலையை மனைவி உடுத்திவந்தாள். வீட்டில் கிளம்பும்போது அதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். ரவிக்கைத் துணியை வெட்டாமல் தன் பழைய கறுப்பு ரவிக்கையையே போட்டிருந்தாள். "எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான்" என்றாள். நாங்கள் மணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் நான் அவளுக்கு எடுத்த இரண்டாவது பட்டு அது. எடுத்தது என்று சொல்லலாமா என்றும் தெரியவில்லை. மண்டபத்தில் படியேறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது படி.

என்னிடம் மிச்சமிருந்ததும் போய், அவள் பத்தாயிரத்தில் மிஞ்சியது நூற்று எழுபது ரூபாய். அதை டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்தன்றைய மாலையும் பழத்தட்டும் சேராமல், சேலைகள், வேட்டி சட்டை, தையல், பேருந்து, தேநீர், திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோன பழம், பூ, முக்காலிக்குப் போட்ட லக்கேஜ் எல்லாம் சேர்த்து ஆனது இருபத்தோராயிரத்து எண்ணூற்று முப்பது ரூபாய்.